கல்லில் ஏறிய பத்தாம் ஓலை

மேற்கே கருங்குன்றத்தின் தோளில் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான். கிழக்கே மருதங்குடி நாட்டு நெல்வயல்களுக்கு மேல், முழுமை பெற இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்த நிலவு, அழைக்கும் முன்பே வந்துவிட்ட விருந்தாளியைப் போலத் தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே பூங்குழையாறு ஒரு பாதி பொன்னாகவும் மறு பாதி வெள்ளியாகவும் நெளிந்து ஓடியது. நாணற்புதர்களில் நீர்க்கோழிகள் இடம் பிடிக்கச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. ஆற்றின் நட்ட நடுவே, சிறு தீவொன்றில், கருங்கல் மதிலும் ஒற்றைக் கோபுரமுமாக நடுவாற்றீசர் கோயில் நின்றது. அந்தக் கோயிலை நோக்கித் தன்னந்தனியாக ஒரு பரிசலைத் துடுப்பிட்டுச் சென்றுகொண்டிருந்தாள் நல்லினி.

அவள் அழகியா என்று வாசகர்கள் கேட்பீர்கள். அழகிதான், ஆனால் அதை வருணிக்க உட்கார்ந்தால் நாம் முடிப்பதற்குள் பரிசல் கரை சேர்ந்துவிடும். மருதங்குடி நாட்டில் அதிகம் பேசப்பட்டது அவள் கண்களைப் பற்றியல்ல, கையெழுத்தைப் பற்றித்தான். அவள் எழுத்தாணி பிடித்தால் பனையோலை வாய் திறந்து பேசும் என்பார்கள். அவளே வாய் திறந்தால் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார் என்பதையும் அதே மூச்சில் சொல்வார்கள். அவள் தந்தை கூத்தனார், மருதங்குடியை ஆளும் வேள் அழிசியின் ஓலைநாயகம். அரச ஆணைகளை எல்லாம் எழுதும் பெரும் பதவி அவருடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் கண்களில் பூ விழுந்தபோது, பதவி தந்தையிடமே இருக்கட்டும், எழுதும் கை மகளுடையதாக இருக்கட்டும் என்று வேள் அழிசியே மனமுவந்து ஏற்பாடு செய்திருந்தார்.

அந்தக் கை அண்மையில் செய்த வேலை சாமானியமானதல்ல. ஆற்றுக்கு மேல்புறத்தில் கருங்குன்ற நாட்டார் கட்டிய அணையினால் மருதங்குடியின் வயல்கள் இரண்டு கோடையாக வெடித்துக் கிடந்தன. அணையை உடைக்கப் போனவர்களில் இருபத்து மூன்று பேர் திரும்பவில்லை. காக்க வந்தவர்களிலும் ஏறக்குறைய அத்தனை பேர் திரும்பவில்லை. பிறகுதான் கருங்குன்றத்துப் புதிய தலைவரான இளங்கோவேள் சமாதானம் பேசத் தூதனை அனுப்பினார். தூதன் பெயர் சேந்தன். மூன்று திங்கள் வாரந்தோறும் அவன் பரிசலேறி வந்தான். எட்டு விதிகள் மீதும் நல்லினியோடு சொல் சொல்லாக வழக்காடினான். கடைசியில் எட்டு ஓலைகளில் எட்டு விதிகளும், ஒன்பதாம் ஓலையில் அவற்றைக் காக்கும் காப்புரையுமாக ஒப்பந்தம் முடிந்தது. ஓலைகள் அரச முத்திரையோடு நடுவாற்றீசர் கோயில் கல்தச்சரிடம் போயின.

அந்த இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் நடுவாற்றீசர் மதிலில் வெட்டப்படும். வெட்டி முடியும்வரை கல்தச்சர் போட்ட கீற்றுத் தட்டிக்குள் எவரும் எட்டிப் பார்க்கலாகாது. பின்பு முழுநிலா நாளன்று, சூரியன் மேற்கிலும் சந்திரன் கிழக்கிலும் எதிரெதிரே நிற்கும் அந்தச் சிறு பொழுதில், எழுதியவரே மதிலைத் தொட்டு உரக்க வாசிக்க வேண்டும். ஓர் எழுத்துக் கூடக்கூடாது, குறையக்கூடாது. வாசித்து முடித்ததும், “உள்ளது உள்ளபடி வாசித்தேன்” என்று ஈசன்மேல் ஆணையிட வேண்டும். அதன் பிறகே இரு தலைவர்களும் கல்லில் கை வைப்பார்கள். கதிரவன் மறைவதற்குள் கை வைக்காவிட்டால் ஒப்பந்தம் செத்தது. ஒருமுறை அந்த மதிலில் ஏறிய எழுத்தைச் செதுக்கி அழிப்பதோ, பெற்ற தாயைக் கொல்வதற்குச் சமமான பாவம்.

நாளை அந்த நாள். தட்டியை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்ததும், தன் எழுத்து கல்லில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் நல்லினி பரிசலை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

மதிலடியில் கல்தச்சர் ஒற்றியூரர் உளிகளைத் துடைத்துத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார். கல்லைப் போலவே அதிகம் பேசாத மனிதர்.

“வாங்க தாயி. பாருங்க. ஒரு சில்லுகூடத் தெறிக்கல.”

“ஒன்பது ஓலைக்கும் இடம் போதுமானதாக இருந்ததா, தச்சரே?”

“ஒன்பதா? பத்து இல்ல இருந்துச்சு? மதில் பெரிசு தாயி. இன்னும்கூட மூணு வரிக்கு இடம் கிடக்கு.”

நல்லினி சிரித்தாள். “ஒன்பது, தச்சரே. எழுதியவள் நான்.”

“முத்திரையை உடைச்சு எண்ணினவன் நான். பத்து.”

அவள் மதிலை நெருங்கினாள். அந்தி வெளிச்சமும் நிலவொளியும் சேர்ந்து எழுத்துகளின் பள்ளங்களில் நிழலை ஊற்றியிருந்தன. முதல் விதி, இரண்டாம் விதி என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள். எட்டாம் விதி முடிந்தது. அடுத்து, “இவ்விதிகளைச் சந்திராதித்தவரை காப்பார்” என்று காப்புரை தொடங்க வேண்டும். அது தொடங்கவில்லை. அங்கே இருந்தது இது:

‘எதிர்க்கரையில் நீ பரிசலில் கால் வைக்கும்போதே என் எழுத்தாணி வழுக்குகிறது...’

நல்லினியின் விரல் கல்லில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டது.

வாசகர்களே, ஊகித்திருப்பீர்கள். தூதன் சேந்தனை அவள் காதலித்தாள். நேரில் “தூதுவரே, தாங்கள்” என்று கத்தியைப் போலப் பேசியவள், மிஞ்சிய ஓர் ஓலையில் மட்டும் அவனை “நீ” என்று அழைத்து நெஞ்சில் கிடந்ததையெல்லாம் எழுதினாள். எவருக்கும் அனுப்புவதற்காக அல்ல; உள்ளே வைத்திருந்தால் மூச்சு முட்டியது, அவ்வளவுதான். எழுதியதும் பழக்க தோஷத்தில் எழுத்துத் துலங்க மை தடவி, காப்புரை ஓலையோடு ஒரே பலகையில் சன்னலோரம் உலர வைத்தாள். அரக்கும் முத்திரையும் வாங்கி வர அரண்மனைக்குப் போனாள். அந்த நேரத்தில் கோயில் ஆள் வந்து அவசரப்படுத்த, கூத்தனார் பலகையைத் தடவிப் பார்த்து, இரண்டையும் எடுத்துக் கோத்துக் கட்டிவிட்டார். மகள் திரும்பி வந்தபோது கட்டு தயாராக இருந்தது. அதைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் தந்தையார் மனம் புண்படுமே என்று அவள் எண்ணினாள். பிரிக்காமலே முத்திரையிட்டாள். மருதங்குடி நாட்டில் எந்த ஓலையையும் மூன்று முறை எண்ணாமல் விடாத நல்லினி, அந்த ஒரே ஓர் ஓலைக்கட்டைப் பாசத்தினால் எண்ணாமல் விட்டாள்!

“தச்சரே, இதை வெட்டும்போது உமக்கு எதுவுமே தோன்றவில்லையா?” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

ஒற்றியூரர் யோசித்தார். “வாசிக்கிறது என் வேலை இல்ல தாயி. முத்திரை போட்டு வந்ததை வெட்டுறதுதான் என் வேலை. ஆனா, இந்த ஓலையில மட்டும் உளி கொஞ்சம் லேசா ஓடுச்சு. ஏன்னு தெரியல.”

அதற்குக் கீழே, காப்புரை கம்பீரமாக நின்றது: ‘இதனைச் சந்திராதித்தவரை காப்பார் பாதம் எம் தலைமேலன. இதில் ஓர் எழுத்தேனும் அழிப்பார் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வார்.’ தான் எழுதிய அந்தச் சொற்களைக் கண்டதும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. சூரிய சந்திரர் உள்ளளவும் தன் காதலைக் காக்கும்படி, தானே இரண்டு நாடுகளுக்குக் கட்டளையிட்டு வைத்திருக்கிறாளே!

“அருமையான எழுத்து, பெண்ணே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

படைமுதலி மழவரையர் நின்றுகொண்டிருந்தார். மருதங்குடிப் படைக்குத் தலைவர். இந்தச் சமாதானம் தொடங்கிய நாள்முதல் வேப்பங்காயை மென்றவர் போன்ற முகத்தோடு உலவியவர். அணையைப் படை கொண்டு தகர்த்துப் பெரும்பேர் வாங்கக் காத்திருந்தவருக்கு, ஒரு பெண்ணின் எழுத்தாணி அந்த வேலையைப் பறித்துக்கொண்டதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

“மாலையிலேயே வந்து வாசித்துவிட்டேன்” என்றார் அவர். “எதிர்க்கரையிலிருந்து பரிசலில் வருகிறவன் அந்தத் தூதன் ஒருவன்தான். நாளை ஆயிரம் பேர் முன்னிலையில் இதை நீ வாசித்தால் என்ன ஆகும் தெரியுமா? ஓலைநாயகத்தின் மகள் எதிரியின் தூதனிடம் மயங்கி ஆற்றை விற்றுவிட்டாள் என்பார்கள். உன் தந்தையின் பதவி போகும். மானமும் போகும்.”

“தாங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்?”

“உன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறேன். நாளை இந்த இடம் வந்ததும், ‘இது என் எழுத்தல்ல; மலைநாட்டார் தச்சனை வளைத்துப் போட்டு எதையோ வெட்டச் செய்திருக்கிறார்கள்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“மற்றது என்றால், இந்தத் தச்சரின் கையை வெட்டுவது, அதன் பிறகு போர். அப்படித்தானே?”

ஒற்றியூரர் தம் வலக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உளியைத் துடைத்தார்.

நல்லினி அந்தக் கையைப் பார்த்தாள். கிழக்கே, நிலவுக்குக் கீழே கறுத்துக் கிடந்த தன் நாட்டு வயல்களையும் பார்த்தாள். ஆயிரம் பேர் சிரிக்கட்டும், அதை அவள் தாங்கிக்கொள்வாள். அந்த ஆயிரத்தில் சேந்தனும் ஒருவனாக நின்று கேட்பானே என்பதுதான் அவள் நெஞ்சைப் பிசைந்தது. அவனுடைய உள்ளம் இன்னதென்று அவளுக்குத் தெரியாது. அவன் வழக்காட வந்தான், வழக்காடினான், போனான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

“படைமுதலியாரே, இந்த ஓலையில் எத்தனை வரி வாசித்தீர்கள்?”

“இரண்டு வரி. அதுவே போதும்.”

“அப்படியா!” என்றாள் நல்லினி. அவள் இதழ்க்கடையில் பழைய நல்லினி எட்டிப் பார்த்தாள். “தமக்கு வேண்டியது கிடைத்ததும் வாசிப்பை நிறுத்திவிடும் பழக்கம் தங்களுக்கு உண்டு என்று என் தந்தையார் சொல்வார். நாளை முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன். அவசியம் முன்வரிசையில் வந்து அமருங்கள்.”

மறுநாள் மாலை நடுவாற்றீசர் தீவில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. மேற்குப் பக்கம் கருங்குன்றத்தார் வேலும் வேங்கைப்பூ மாலையுமாக நின்றார்கள். கிழக்குப் பக்கம் மருதங்குடியார் கழனிச் சேறு உலராத கால்களோடு நின்றார்கள். மதிலுக்கு முன் இரண்டு ஆசனங்கள். ஒன்றில் வேள் அழிசி அமர்ந்திருந்தார். நரைத்த மீசைக்குள் எப்போதும் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருப்பவர். மற்றதில் யாரும் இல்லை. வர இயலாத தலைவரின் ஆசனத்தில் அவருடைய வாளை வைப்பது வழக்கம். இளங்கோவேளின் வாள் அங்கே கிடந்தது. மலையை விட்டு இறங்காத அந்த இளங்கோவேளை மருதங்குடியில் எவரும் கண்டதில்லை. வாளுக்கு அருகில், தலைவன் சார்பில் கல்லில் கை வைப்பதற்காகச் சேந்தன் நின்றான்.

அவனை நல்லினி ஒரு கணம்தான் பார்த்தாள். நெடிய உருவம், வெயில் குடித்த நிறம், காதை மறைத்துத் தோளில் புரளும் குழல். அவன் தலை தாழ்த்தி வணங்கினான். அவள் சட்டென்று மதில் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில், மகளின் தோளைப் பற்றியபடி கூத்தனார் நின்றார்.

கதிரவன் குன்றின் உச்சியை முத்தமிடச் சாய்ந்தான். கிழக்கே முழுநிலவு தலை காட்டியது. சங்கு முழங்கிற்று. நல்லினி கல்லில் விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள்.

கோடையில் மதகு நான்கு நாள் மருதங்குடிக்கும் மூன்று நாள் கருங்குன்றத்துக்கும் திறக்கப்படும் என்ற மூன்றாம் விதியை வாசித்தபோது கிழக்குப் பக்கம் மகிழ்ச்சியில் ஆரவாரித்தது. வாளைமீன் மடு மருதங்குடிக்கே உரியது என்ற ஆறாம் விதிக்கு மேற்குப் பக்கம் முணுமுணுத்தது. எட்டாம் விதியும் முடிந்தது. நல்லினி மூச்சை ஒருமுறை இழுத்து விட்டாள். பிறகு, குரலைச் சற்றும் தாழ்த்தாமல், மற்ற விதிகளை வாசித்த அதே முழக்கத்தில் வாசித்தாள்:

“எதிர்க்கரையில் நீ பரிசலில் கால் வைக்கும்போதே என் எழுத்தாணி வழுக்குகிறது.”

தீவே ஸ்தம்பித்தது. வேள் அழிசி நிமிர்ந்து உட்கார்ந்தார். கூத்தனார் மகளின் காதருகே குனிந்து, “இது எந்த விதி, அம்மா?” என்று மெல்லக் கேட்டார்.

“கூடுதல் விதி, அப்பா.”

“நீ எதையாவது சேர்த்திருப்பாய் என்று கட்டும்போதே நினைத்தேன்” என்றார் அவர் பெருமையாக.

“மூன்று திங்களாக உன்னோடு வழக்காடுகிறேன். இந்த வழக்கு முடிந்துவிடுமோ என்றுதான் இப்போது எனக்கு அச்சமாக இருக்கிறது.” கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. “யார்? யாரைச் சொல்கிறாள்?” என்று தலைகள் அங்குமிங்கும் திரும்பின. நல்லினியின் கன்னங்கள் கனன்றன; விரல் மட்டும் நடுங்காமல் கல்லில் நகர்ந்தது.

“தோற்கும்போதெல்லாம் உன் கை இடக்காதுக்குப் போகிறது.”

அடடா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்! அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்த அதே கணத்தில், இரண்டு நாட்டு மக்களும் பார்த்துக்கொண்டிருக்க, தூதன் சேந்தனின் கை அவனை அறியாமலே மேலெழுந்து இடக்காதைத் தடவியது. குழல் விலகியது. நுனி சிதைந்த காது வெளியே தெரிந்தது. தான் செய்ததை உணர்ந்து அவன் கையைக் கீழே இறக்கியபோது காலம் கடந்துவிட்டது. ஆயிரம் வாய்களிலிருந்து “ஓ!” என்று எழுந்த ஓசையில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்தோடின.

“நிறுத்துங்கள்!” மழவரையர் துள்ளி எழுந்தார். “வேளே, கேட்டீர்களா? நம் ஓலைநாயகத்தின் மகள் எதிரியின் தூதன்மேல் காதல் கொண்டிருக்கிறாள்! இந்தக் கை எழுதிய விதிகளை எப்படி நம்புவது? நம் தண்ணீரை இவள் அந்தக் காதுக்கு விற்றுவிட்டாள்!”

கிழக்குப் பக்கத்தில் சிரிப்பு அடங்கி இரைச்சல் எழுந்தது. கூத்தனாரின் முகம் வெளிறியது. இப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கிற்று. மேற்கே கதிரவனின் அடிவிளிம்பு குன்றில் புதைந்தது. பொழுது போய்க்கொண்டிருந்தது.

“படைமுதலியாரே” என்றாள் நல்லினி, கல்லிலிருந்து விரலை எடுக்காமலே. “இன்னும் வரி இருக்கிறது. அமருங்கள்.” யாரும் எதிர்பாராத அந்த அதட்டலில் மழவரையர் அமர்ந்தே விட்டார். அவள் தொடர்ந்தாள்:

“அந்தக் காதைக் கடித்த அம்பை எய்தவன்மேல் எனக்குக் கோபம். எட்டு விதியில் ஆறில் உன்னைத் தோற்கடித்தேன். ஒன்றிலாவது விட்டுக்கொடுத்தால் என்ன என்று நெஞ்சு கெஞ்சியது. எங்கள் வெடித்த வயல்களை நினைத்தேன்; விட்டுக்கொடுக்கவில்லை.”

இரைச்சல் நின்றது. முன்வரிசையிலிருந்த ஒரு கிழ உழவர் உரக்கச் சொன்னார்: “வித்தவ எழுதுற எழுத்தா அய்யா இது? எவ்வளவு ஆசை வச்சும் ஒரு சொட்டுத் தண்ணி விடலியே எம்பொண்ணு!”

கிழக்குப் பக்கம் வெடித்துச் சிரித்து ஆர்ப்பரித்தது. தான் இரண்டே வரியோடு நிறுத்தியதற்காக மழவரையர் வாழ்நாளில் முதல்முறையாக வருந்தினார். நல்லினியின் கண்களில் நீர் தளும்பியது. ஆயினும் இன்னும் இரண்டு வரி இருந்தது. அவற்றையும் விடாமல் வாசித்தாள்.

“இதை நீ ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை, ஆகையால் எழுதுகிறேன். உன்னிடம் தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.”

பிறகு காப்புரையையும் வாசித்தாள். சந்திராதித்தரையும் காராம்பசுவையும் ஒன்று விடவில்லை. மதிலிலிருந்து கையை எடுத்துத் திரும்பி, “ஈசன்மேல் ஆணை. உள்ளது உள்ளபடி வாசித்தேன்” என்றாள்.

இப்போது மேற்குப் பக்கம் கொந்தளித்தது. மலைநாட்டு மூத்தோர் ஒருவர் வேலைத் தரையில் ஊன்றினார். “ஆறு விதியில் தோற்றான் என்றால் ஏன் தோற்றான்? இந்தப் பெண் முகத்தைப் பார்த்துத்தானே! இதை எங்கள் இளங்கோவேள் ஒப்புக்கொள்ள மாட்டார்!”

“ஒப்புக்கொள்கிறார்” என்றான் சேந்தன்.

“அதைச் சொல்ல நீ யார்?”

சேந்தன் அந்த மூத்தவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஆசனத்தில் கிடந்த வாளை எடுத்து இடையில் செருகிக்கொண்டு, அந்த ஆசனத்திலேயே நிதானமாக அமர்ந்தான். மேற்குப் பக்கத்தின் கடைசி வரிசையில் நின்ற காவல் வீரர்கள் ஐம்பது பேரும் ஒரே வேளையில் வேல் தாழ்த்தி மண்டியிட்டார்கள்.

“சேந்தன் என்பது என் பெயர்தான்” என்றான் அவன். “தூதன் என்பதுதான் பொய். பட்டமேற்ற நாள்முதல், இந்தத் தூது வேடத்தில் வெளியே வந்ததைத் தவிர, கோட்டைக்குள்ளேயே இருந்துவிட்டேன். காவலர்களைத் தவிர உங்களில் பலர் என்னைத் தலைவனாகக் கண்டதில்லை. வேள் அழிசியே, பொய் வேடத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். முன்பு நான் அனுப்பிய இரண்டு தூதர்களும் இரு பக்கத்துப் படைமுதலிகளின் பேச்சைத்தான் கொண்டுவந்தார்கள். உண்மையைக் கேட்க நானே வர வேண்டியிருந்தது. மூத்தோரே, ஐந்து விதிகளில் நான் தோற்றது அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததால். ஆறாம் விதியில் மட்டும்...” அவன் கை மறுபடி இடக்காதுக்குப் போய்விட்டுப் பதறித் திரும்பியது. “அன்று இவர் சிரித்தார். மடு போயிற்று.”

மலைநாட்டார்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். வேள் அழிசி மீசைக்குள் ஒளித்திருந்த சிரிப்பு முழுவதும் வெளியே வந்துவிட்டது. “மடுவைத் திருப்பித் தர முடியாது, இளங்கோவேளே. கல்லில் ஏறிவிட்டது” என்றார் அவர்.

“கல்லில் ஏறிய எல்லாவற்றுக்கும் நான் கட்டுப்படுகிறேன்” என்று எழுந்தான் சேந்தன். “எல்லாவற்றுக்கும்.”

குன்றின்மேல் ஒரு நெருப்புக் கீற்று மட்டுமே மிச்சமிருந்தது. இரு தலைவர்களும் விரைந்து வந்து கல்லில் கை வைத்தார்கள். கீற்று அணைந்தது. சங்கும் பறையும் முழங்க, பகைவர்களாக வந்தவர்கள் தோளைத் தட்டிக்கொண்டார்கள். கூத்தனார் மகளின் தலையைத் தடவிக்கொண்டே, “என் விரல் செய்த பிழை, அம்மா” என்று விம்மினார். “உங்கள் விரல் பிழை செய்ததே இல்லை, அப்பா” என்றாள் அவள்.

சேந்தன் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் விரல் மெல்லக் கீழிறங்கி, ‘இதை நீ ஒருநாளும் வாசிக்கப் போவதில்லை’ என்ற வரியின்மேல் நின்றது.

“தச்சரே, இங்கே இன்னும் இடம் இருக்கிறதா?”

“மூணு வரிக்கு இருக்குங்க. ஆனா முத்திரை போட்ட ஓலை இல்லாம நான் வெட்ட மாட்டேன்.”

“அப்படியானால் உளியைக் கொடுங்கள்.”

நிலவு ஏறிக்கொண்டிருந்தது. கருங்குன்றத்துத் தலைவன் மதிலடியில் மண்டியிட்டு, பழக்கமில்லாத கைகளில் உளியும் சுத்தியலுமாக வெட்டத் தொடங்கினான். ஒருமுறை கட்டைவிரலில் போட்டுக்கொண்டான். ஒற்றியூரரின் முகம் வேதனையில் சுருங்கியது. நல்லினி இரண்டடி தள்ளி நின்று, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் இதுவரை எவரும் கண்டிராத காட்சி அது.

வெட்டி முடித்து அவன் விலகி நின்றான். ஓரெழுத்துக் குட்டை, ஓரெழுத்து நெட்டை. எல்லாம் சேர்ந்து வலப்பக்கம் சரிந்திருந்தன. ஆனாலும் நிலவொளியில் தெளிவாகவே தெரிந்தது.

‘வாசித்தேன். இனி உன்னிடம் தோற்பது என் முறை. இவை இளங்கோவேள் சேந்தன் எழுத்து.’

நல்லினி அதை இருமுறை வாசித்தாள். “கையெழுத்து மோசம்” என்றாள்.

சேந்தனின் கை இடக்காதை நோக்கி எழுந்தது. இம்முறை அவள் கை முந்திக்கொண்டது.